மூன்றாவது வளைவில் வழிவிட்டவர்

அநியாயம் நடந்தது என் அப்பா குப்புராஜுக்கு. செய்தவர் இன்னாசிமுத்து, அப்பாவின் ரேஸ் இன்ஜினியர், காரைத் தயார் செய்து பந்தயத்தின்போது ரேடியோவில் அவருக்கு வழிசொல்கிறவர். சீசனின் கடைசிப் பந்தயம், இன்னும் இரண்டு சுற்று பாக்கி, அப்பா முதலில் போய்க்கொண்டிருக்கிறார், அப்படியே கோட்டைத் தாண்டினால் அவர்தான் சாம்பியன், அந்த நேரம் பார்த்து இன்னாசிமுத்து ரேடியோவில் அப்பாவின் காதுக்குள், பின்னால் வருகிற நம்ம டீம் பையனுக்கு வழிவிடு என்று உத்தரவு போட்டு, பட்டத்தைப் பிடுங்கி இன்னொருவனுக்குக் கொடுத்தார். நான் கற்பனை பண்ணிச் சொல்லவில்லை. பந்தயம் முடிந்ததும் மைக்குகளுக்கு முன்னால் நின்று அவரே சொன்னார், "அது என்னோட முடிவு. குப்புராஜ் சொன்னதைச் செஞ்சார்" என்று. எதிர்த்தரப்பே ஒப்புக்கொண்ட வழக்கு. சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிற எனக்கு இதைவிடச் சுலபமான வழக்கு வாழ்க்கையில் கிடைக்கப் போவதில்லை, ஆனால் பாதிக்கப்பட்டவர்தான் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார். அதற்கப்புறம் டீம் அவரைக் கழற்றிவிட்டது, கழற்றிவிட்டதைக் கழற்றிவிட்டோம் என்று சொல்லவும் துணிச்சல் இல்லாமல், மூத்த வீரர் குப்புராஜ் நாட்டின் முதல்நிலைப் பந்தயத்திலிருந்து விடைபெற்றுப் புதிய சவால்களைத் தேடிச் செல்கிறார் என்று பத்திரிகைகளுக்குக் குறிப்பு அனுப்பியது. தேடிச் செல்கிறாராம். சவால் என்ன தொலைந்துபோன சாவிக்கொத்தா, தேடிப் போவதற்கு? புதிய சவால் என்பது லாரிப் பந்தயம், ஆமாம், லாரிதான், சரக்கு ஏற்றாத லாரிகளை வட்டம் சுற்ற விட்டு, இதற்குமேல் போகக்கூடாது என்று வேகத்துக்கு ஒரு பூட்டும் போட்டு நடத்துகிற பந்தயம். இன்றைக்கு ட்ராக்கில் பாராட்டு விழா, சால்வை, கேடயம், குடும்பத்திலிருந்து ஒருத்தர் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம், நான் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். முன் வரிசையில் இன்னாசிமுத்து உட்கார்ந்திருப்பார். அவர் முகத்தைப் பார்த்து, பெயரைச் சொல்லி, அத்தனை பேர் முன்னால் கேட்கப் போகிறேன். இதை போத்தனூர் தாண்டும்போது அப்பாவிடம் சொன்னேன், சொல்லிவிட்டு, "ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்கப்பா, நீங்க ஏன் வழிவிட்டீங்க? முடியாதுன்னு போயிருக்கலாமில்ல?" என்று கேட்டேன். அவர் வாயைத் திறக்கிற மாதிரிதான் இருந்தது. அதற்குள் மணி அடித்து ரயில்வே கேட் மூடிவிட்டது.

இன்ஜினை அணைத்துவிட்டார். கேட் விழுந்ததும் இன்ஜினை அணைக்கிற ஒரே ஆள் இந்த வரிசையில் அப்பாதான், மற்ற எல்லோரும் ஏதோ ரயிலை முறைத்தே துரத்திவிடப் போகிற மாதிரி உறுமிக்கொண்டு நிற்கிறார்கள். ஆடிக் காற்று காரை லேசாக ஆட்டுகிறது. மேற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒன்றுமில்லை. சாரல் கண்ணாடியில் பொட்டுப் பொட்டாக விழுந்து, நின்று, யோசித்து, பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து வழிகிறது, வைப்பரைப் போடுங்கப்பா என்று சொல்ல வருகிறது, சொல்லவில்லை, நான் கேட்ட கேள்விக்கும் அதற்கும் நடுவில் இன்னொரு வாக்கியத்தை நானே கொண்டுவந்து வைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுவார். அவர் கைகள் ஸ்டியரிங்கின் மேல் இருக்கின்றன, மணிக்கட்டுகள் தளர்ந்து, பள்ளிக்கூடப் பெஞ்சில் கையை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடக் காத்திருக்கிற பையன் மாதிரி. நாற்பத்தாறு வயதுக்குக் கை இவ்வளவு வயதாகியிருக்க வேண்டாம். வீட்டிலிருந்து இங்கே வருவதற்குள் நான்கு டவுன் பஸ், ஒரு தண்ணி லாரி, ஸ்கூட்டியில் காய்கறிப் பையோடு ஓர் அம்மா, எல்லோரும் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். ரோட்டில் அவர் எப்பவும் அப்படித்தான். சின்ன வயதில் என் வகுப்புப் பிள்ளைகள் கேலி செய்வார்கள், உங்கப்பா ரேஸ் டிரைவராடி, இல்ல ரோடு ரோலர் டிரைவரா. அந்தக் கடைசிப் பந்தயத்தன்றைக்குப் பார்வையாளர் ஸ்டாண்டில் நான் மூன்றாவது வளைவுக்கு நேர் எதிரே நின்றிருந்தேன். நீளமான நேர்ப்பாதை முடிந்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் உள்ளே போக வேண்டிய வளைவு அது, மூன்றாவது வளைவில் காலை எடுக்காதவன்தான் டிரைவர் என்று எங்கள் ஊரில் டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறவன்கூடச் சொல்வான். அப்பாவின் வெள்ளைக் கார் வந்தது, அந்தச் சத்தம் வந்தது, விலா எலும்புக்குள் வந்து உட்காருகிற சத்தம், அது வளைவின் வாயில் சட்டென்று இறங்கியது. அவ்வளவுதான். பேசிக்கொண்டிருந்தவர் ஒரு சொல்லை விழுங்கிக்கொண்ட மாதிரி. பக்கத்தில் அந்த டீம் பையன் அத்வைத், பத்தொன்பது வயது, உள்பக்கமாக நுழைந்து போய்விட்டான். என் பக்கத்தில் நின்ற ஆள் தலையில் கையை வைத்துக்கொண்டு, வழிவிட்டுட்டாருப்பா, ஆர்டர் போட்டுட்டானுங்க என்றான். அவன் சொன்ன பிறகுதான் எனக்கு அது அப்படித் தெரிந்தது, அல்லது அவன் சொல்வதற்கு முன்பே தெரிந்ததா, இதை எத்தனை தடவை யோசித்தாலும் அந்த இடத்துக்கு வந்ததும் நழுவுகிறது, எனக்கு முன்பே தெரிந்ததுதான், வேறு என்னவாக இருக்க முடியும்?

பைக்குகள் காருக்கும் சாக்கடைக்கும் நடுவில் நெளிந்து நெளிந்து முன்னால் போகின்றன, ஒரு ஆள் பைக்கைச் சாய்த்துக் குறுக்குக்கட்டைக்குக் கீழே தலையை நுழைத்துப் பார்க்கிறான், கேட்மேன் உள்ளேயிருந்து அவன் பரம்பரையையே விசாரிக்கிறார், அவன் சிரித்துக்கொண்டே தலையை வெளியே எடுக்கிறான். அப்படி ஒதுங்கிய ஒரு பைக் எங்கள் கார் பக்கத்தில் நின்றது, ரெயின்கோட் போட்ட ஆள், ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக் குனிந்தார். "ஏனுங்ணா, நீங்க குப்பண்ணன் தானுங்?" அப்பா கண்ணாடியை இறக்கினார், சாரலும் டீசல் வாசனையும் சேர்ந்து உள்ளே வந்தன. "ஆமாங்." "அட நான் அப்பவே நெனச்சேனுங். இவ்ளோ மெதுவா ஒருத்தர் வர்றாருன்னா ஒண்ணு எல்-போர்டா இருக்கோணும், இல்லாட்டி நீங்களா இருக்கோணும்." அப்பா சிரித்தார். வெளியாளிடம் சிரிக்கிற சிரிப்பு, பல் தெரியாது. "லாரி ஓட்டப் போறீங்களாமுங்ணா, பேப்பர்ல பாத்தனுங்." "ஆமாங், லோடு எதாவது இருந்தாச் சொல்லுங்க." அந்த ஆள் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார், சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. "அன்னிக்கு உங்களை நல்லா ஏமாத்திப் போட்டானுங்கண்ணா. அந்த இன்ஜினியரு, அவம் பேரென்னங், இன்னாசி. கூட இருந்தே குழி பறிச்சுட்டான். எங்க பட்டறையில எல்லாருமே உங்களுக்காக அவனத்தான் திட்டறம்ங்." நான் அந்தப் பக்கம் திரும்பி, அப்படிச் சொல்லுங்கண்ணா என்று சொல்ல வாயெடுத்தேன், ஆனால் அப்பா எனக்கு முந்திக்கொண்டார். "அப்படியெல்லாம் பேசாதீங்க தம்பி." "நீங்க பெரிய மனுஷன்ங்ணா, விட்டுக் குடுப்பீங்க. நாங்க விடமாட்டமுங். உங்க மக ஒண்ணு எழுதியிருந்தாங்க பாருங், ஃபோன்ல, படிச்சுப்போட்டு என்ற சம்சாரம் அழுதுட்டாளுங். இந்தம்மிணிங்களா? நீங்கதானா? நல்லா எழுதறீங்க அம்மிணி, விடாதீங்க!" அப்பா கண்ணாடியை ஏற்றினார். பாதியில் நிறுத்தி, "வர்றனுங்" என்று சொல்லிவிட்டு மீதியையும் ஏற்றினார். அவர் முகம் வேர்த்திருந்தது, இந்தக் குளிரில். பெருமைப்பட வேண்டிய இடத்தில் ஒரு மனிதர் ஏன் இப்படி வேர்க்க வேண்டும்? தனக்காக ஊரே பேசுகிறது என்பதைக்கூடத் தாங்கிக்கொள்ள முடியாதபடி இவர்களை எது இப்படிப் பழக்கி வைத்திருக்கிறது? சொன்னதைச் செய், கேட்காதே, டீம் பெரிது. இதற்குப் பெயர் விசுவாசம் என்றால் அடிமைத்தனத்துக்கு வேறு என்ன பெயர் வைப்பீர்கள் என்று கல்லூரி விவாத மேடையில் நான் கேட்டபோது கைதட்டல் அடங்கவில்லை.

விடாதீங்க அம்மிணி. நான் எங்கே விட்டேன். என் பதிவை ஆயிரக்கணக்கானவர்கள் பகிர்ந்தார்கள், யாரோ இன்னாசிமுத்துவின் ஃபோன் நம்பரையும் கீழே போட்டுவிட்டார்கள், அது நான் செய்ததில்லை, நான் அதை எடுக்கச் சொல்லவும் இல்லை. அவர் பட்டறைச் சுவரில் தாரால் எதையோ எழுதிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு நொடி சங்கடமாக இருந்தது, ஒரு நொடிதான், பிறகு நினைத்தேன், ஒரு மனிதனின் உழைப்பையெல்லாம் ஒரு வாக்கியத்தில் அழித்தவருக்குச் சுவரில் ஒரு வாக்கியம். அது நியாயமா? வாதத்துக்கு நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன், கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பழைய டயரில் கயிற்றைக் கட்டி எனக்கு ஊஞ்சல் போட்டுக் கொடுத்தவர். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்து கேக்கை வைத்துவிட்டு, அப்பாவும் அவரும் மாடியில் உட்கார்ந்து பேசுவார்கள், பேச்சென்று சொல்ல முடியாது, "பின்னாடி லூசா இருக்கு," "ம்," "நாளைக்குப் பாக்கலாம்," "ம்." இந்த ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு, சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், எந்த டிரைவரும் பயந்தேன் என்று சொல்லமாட்டான். பின்னால் கார் நழுவுகிறது என்பான், டயர் போய்விட்டது என்பான், பிரேக் மெத்தென்று இருக்கிறது என்பான். அதைக் கேட்கிற இன்ஜினியர் காரில் ஒன்றுமில்லை என்று தெரிந்தாலும் குனிந்து எதையாவது கால் சுற்று திருகுவார், திருகிவிட்டு, இப்பப் பாருங்க என்பார், டிரைவர் போய்ப் பார்த்துவிட்டு, இப்பப் பரவாயில்லை என்பான். ஆண்களின் வீம்பு, வேறென்ன, ஒரு சொல்லைச் சொல்லாமல் இருப்பதற்கு எவ்வளவு ஸ்பேனர்! அப்படிப் பழகிய ஆள்தான் இதைச் செய்தார். நேரடியாகக் கேட்டுவிடுவோம் என்று நானே ஃபோன் செய்தேன். எடுத்ததும் "சிந்துக்குட்டி" என்றார். நான் சிந்துஜா பேசுகிறேன் என்றேன். எங்கப்பாவுக்கு ஏன் இப்படிப் பண்ணினீங்க என்றேன். பின்னால் எங்கேயோ கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. "என்னோட முடிவுதாம்மா. நீ என்னைத் திட்டிக்கோ. அப்பா சாப்பிட்டாரா?" என்றார். சாப்பிட்டாராவாம். குற்ற உணர்ச்சி இல்லாமல் யாராவது அப்படிக் கேட்பார்களா? அம்மாவிடம் சொன்னபோது அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "உங்கப்பாகிட்ட மட்டும் அதைக் கேக்காதே" என்றாள். ஏன் கேட்கக்கூடாது? "கேக்காதேன்னா கேக்காதே." இந்த வீட்டில் காரணம் கேட்டால் குழாய்த் தண்ணீர்தான் பதில் சொல்லும்.

ரயில் வந்துவிட்டது. பயணிகள் வண்டி இல்லை, சரக்கு வண்டி, கறுத்த பெட்டிகள், அவசரமே இல்லாமல், தடக் தடக் என்று, கார்க் கதவின் கைப்பிடி வழியாக அந்த அதிர்வு என் முழங்கைக்கு வருகிறது. நிலக்கரியாக இருக்க வேண்டும், அல்லது சிமெண்ட். எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். ஒன்பது வயதில் முதல்முதலாக அம்மா என்னை ட்ராக்குக்கு அனுப்பினாள், அவள் வரமாட்டாள், பந்தய நாளில் அவள் ஒரு இடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை, அலமாரித் துணியையெல்லாம் இறக்கி மறுபடி மடித்து அடுக்குவாள். நான் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலியில் துரு வாசனை. அந்த வருஷம் ஒரு கார் புரண்டது, அது அப்பாவின் கார் இல்லை, ஆனால் ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்வதற்கு முன்னால் ஒரு இடைவெளி இருந்தது, அந்த இடைவெளிக்குள் நான் இன்னும் எங்கேயோ நின்றுகொண்டிருக்கிறேன் என்று சில சமயம் தோன்றும். அப்பா வெள்ளை, புரண்டது நீலம், கண்ணுக்கு முன்னால் நீலமாகத்தான் கிடந்தது, ஆனால் கண்ணை நம்பவில்லை நான். அதற்கப்புறம் ஒவ்வொரு பந்தயத்திலும் அந்த மூன்றாவது வளைவு வரும்போது கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் சொல்வேன், காலை எடுங்கப்பா, காலை எடுங்கப்பா, ஒரு தடவை, எனக்காக ஒரு தடவை எடுத்துடுங்கப்பா. அவர் எடுத்ததே இல்லை. சத்தம் இறங்காமல் அப்படியே போகும், நான் கண்ணைத் திறப்பேன், வெற்றி மாதிரியும் இருக்கும், என்னை ஒருத்தர் கேட்காமல் விட்டுப் போன மாதிரியும் இருக்கும். இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது ஏன் இது வருகிறது? நான் யோசித்துக்கொண்டிருந்தது இன்னாசிமுத்துவைப் பற்றி, மேடையில் முதல் வாக்கியம் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றி. மதிப்பிற்குரிய என்று ஆரம்பிக்கலாமா, வேண்டாமா. அன்றைக்கு அந்தச் சத்தம் இறங்கியபோது முதலில் எனக்கு என்ன தோன்றியது? கோபம்தான் தோன்றியது. இல்லை, கோபம் அந்த ஆள் தலையில் கைவைத்த பிறகு வந்தது. அதற்கு முன்னால் ஒன்று இருந்தது, ஒரு மூச்சளவு, அப்பாடா என்று. அந்த அப்பாடாவை நான் அன்றிலிருந்து அடித்து உதைத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறேன். சாம்பியன் பட்டம் போன இடத்தில் மகளுக்கு அப்பாடா என்றிருந்தது என்று எந்த நீதிமன்றத்தில் போய்ச் சொல்வது. பந்தயம் முடிந்து அப்பா ஹெல்மெட்டைக் கழற்றினார், மேடையில் அத்வைத் ஷாம்பெயின் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தான், ஸ்டாண்டிலிருந்து ஆயிரம் பேர் குப்பண்ணா, குப்பண்ணா என்று கத்தினார்கள், அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நடந்து வந்து இன்னாசிமுத்துவின் தோளில் தலையை வைத்துக்கொண்டார். என்ன பெருந்தன்மை என்று நான் எழுதினேன். கழுத்தறுத்தவன் தோளிலேயே சாய்ந்த பெருந்தன்மை. அந்த வரிக்குத்தான் நிறையப் பேர் அழுதார்களாம். அப்பாவின் தோள் குலுங்கியது. இன்னாசிமுத்து அவர் காதில் ஏதோ சொன்னார், அப்பா ஏதோ சொன்னார், இன்னாசிமுத்து தலையாட்டிவிட்டு மைக்குகளை நோக்கிப் போனார். மன்னிப்புக் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கிறவர் எதற்குத் தலையாட்ட வேண்டும், தலையாட்ட வேண்டியது மன்னிக்கிறவரல்லவா? ஏதோ சொன்னார், தலையாட்டினார். சொன்னது அப்பா, தலையாட்டியது அவர். இது இத்தனை நாளும் என் கண்ணுக்குள்தான் இருந்திருக்கிறது.

கடைசிப் பெட்டி போய்விட்டது. திடீரென்று எதிர்ப்பக்கம் தெரிகிறது, அங்கேயும் இதே மாதிரி ஒரு கூட்டம், இதே மாதிரி ரெயின்கோட், ரோட்டின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு நம்மையே கண்ணாடியில் பார்க்கிற மாதிரி நிற்கிறது. கேட் ஏறுகிறது. ஏறி முடிப்பதற்குள் எல்லாரும் பாய்ந்தாயிற்று, நடுவில் தண்டவாளத்தின் மேல் இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு, ஏய் பின்னாடி எடு, நீ எடுய்யா, பொண்டாட்டிய உட்கார வச்சுட்டு வந்திருக்கிறவன்கிட்டப் பேசற பேச்சா இது என்று குரல்கள். பின்னால் ஒரு வேன்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. அப்பா சாவியைத் தொட்டார், திருப்பவில்லை. நான் அவரைப் பார்க்காமல் முன்கண்ணாடியைப் பார்த்தே, இந்தக் குரல் என் குரல்தானா என்று எனக்கே தெரியாத ஒரு குரலில், "சொல்லுங்கப்பா, மேடையில நான் பேசறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும், அவரு ரேடியோவில என்னதான் சொன்னாரு?" என்றேன். வேன்காரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "யோவ், வண்டிய எடுய்யா, தூங்கறதுக்கு வேற எடமே கெடைக்கலியா!" என்று கத்தினான். அப்பா சாவியிலிருந்து கையை எடுத்துத் தன் வலது முழங்காலின் மேல் வைத்துக்கொண்டார், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"ரேடியோவில ஒண்ணுமே வரலை கண்ணு. காலு தானா எந்திரிச்சுருச்சு. எதுக்குன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியலை. வழிவிடச் சொன்னது நீதான்னு சொல்லிரு இன்னாசின்னு நாந்தான் அவங்கிட்ட கேட்டேன்."